அளவை: நிலப்படத்தின் ‘ஸ்கேல்’ எதைக் குறிக்கிறது?

வகுப்பில் ‘ஸ்கேல் எடு’ என்றால் பிள்ளை பையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் பட்டையை எடுக்கும். அடுத்த பாடவேளையில் ‘இந்த மேப்புக்கு ஸ்கேல் என்ன?’ என்று கேட்டாலும் அதே பட்டையைத்தான் தேடும். இதில் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். பையில் வைத்திருக்கும் ஸ்கேல் ஒரு பொருள். நிலப்படத்தின் ஸ்கேல் ஒரு விகிதம். படத்தில் இருக்கும் தொலைவு, தரையில் இருக்கும் தொலைவில் எத்தனையில் ஒரு பங்கு என்பதைச் சொல்வது.

லத்தீனில் ‘ஸ்காலா’ என்றால் ஏணி. ஏணிப்படிகள் போலச் சம இடைவெளியில் கோடு கீறிய எதற்கும் அந்தப் பெயர் வந்தது. பிறகு அந்தக் கோடுகள் குறிக்கும் விகிதத்துக்கும் ஆகி வந்தது. மீன் செதிலையும் தராசையும் குறிக்கும் ஆங்கில ‘ஸ்கேல்’கள் வேறு வேரிலிருந்து வந்தவை. அவற்றை இதோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுப் புவியியல் பாடநூல்கள் இதை ‘அளவை’ என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் ‘அளவுத்திட்டம்’. இரண்டும் நல்ல சொற்கள். அளவை நமக்கு மிகப் பழையது: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நால்வகை அளவை சொன்னார்கள். சைவ சித்தாந்த நூல்களில் ஒன்றை அறியும் வழிக்கே அளவை என்று பெயர். காண்டல், கருதல், உரை ஆகியவை அளவைகள். புவியியலுக்கு இந்தப் பொருளும் பொருந்துவது எனக்கு மிகவும் பிடிக்கும். எந்த அளவையில் பார்க்கிறோமோ அதைப் பொறுத்தே எதை அறிகிறோம் என்பது. ‘அளவுகோல்’ என்ற சொல்லை மட்டும் கையில் பிடிக்கும் பட்டைக்கே விட்டுவிடலாம். நிலப்படத்துக்கும் அதையே எழுதினால் பழைய குழப்பம் தமிழிலும் தொடரும்.

நிலப்படத்தில் அளவை மூன்று விதமாக எழுதப்படும். ‘2 செ.மீ.க்கு 1 கி.மீ.’ என்பது சொல்லளவை. அதையே 1:50,000 என்று எழுதினால் பிரதி பின்னம். இலங்கையில் வகைக்குறிப் பின்னம். மூன்றாவது, படத்தின் அடியில் கிலோமீட்டர் குறித்த பட்டை, அதாவது கோட்டளவை. பாடநூலில் மூன்றும் சமமாகத் தோன்றும், ஆனால் ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்தால் சமமல்ல. ஏ3 தாளில் உள்ள 1:50,000 படத்தை ஏ4 தாளுக்குக் குறைத்தால் நீளம் ஏறத்தாழ 71 விழுக்காடு ஆகும். உண்மை விகிதம் இப்போது சுமார் 1:70,700. தாளில் அச்சான ‘1:50,000’ மட்டும் மாறாமல் நிற்கும். அதை நம்பி 4 செ.மீ. சாலையை 2 கி.மீ. என்று எழுதினால் தவறு. தரையில் அது 2.8 கி.மீ.க்கு மேல். கோட்டளவை படத்தோடு சேர்ந்தே சுருங்குவதால் பிழைத்துக்கொள்ளும். நகல் எடுத்துப் பாடம் நடத்துவோர் கோட்டளவையை வெட்டுப்படாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, தேர்வுத் தாள்களில் ஓயாமல் தலைகீழாக எழுதப்படும் இடம்: பெரிய அளவைப் படம், சிறிய அளவைப் படம். பெரிய அளவை என்றால் பெரிய நாட்டைக் காட்டுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். செய்தித்தாளில் ‘பெரிய அளவில் வெள்ளம்’ என்று படித்துப் பழகிய மனம் அப்படித்தான் போகும். விகிதத்தைப் பின்னமாகப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய தமிழ்ப் பின்னங்களில் மாகாணி பெரிதா, முந்திரி பெரிதா? பதினாறில் ஒன்றுதான் முந்நூற்று இருபதில் ஒன்றைவிடப் பெரிது. அதுபோல 1:1,000 பெரிய அளவை, 1:10,00,000 சிறிய அளவை. பெரிய அளவைப் படத்தில் இடம் குறைவு, விவரம் அதிகம். தொடக்க வகுப்பில் ‘நெருங்கிப் பார்த்த படம், விலகிப் பார்த்த படம்’ என்று சொல்லி, கலைச்சொல்லைப் பிறகு சேர்ப்பது நன்றாக வேலை செய்யும்.

அதற்கு வகுப்பறையே போதும். அறை 8 மீட்டருக்கு 6 மீட்டர் என்றால் 1:50 அளவையில் 16 செ.மீ.க்கு 12 செ.மீ. வரும், 1.2 மீட்டர் பெஞ்சு 2.4 செ.மீ. ஆகும். 1:200இல் அறை 4க்கு 3 செ.மீ., பெஞ்சு 6 மில்லிமீட்டர். 1:1,000இல் அறையே 8 மி.மீ.தான், பெஞ்சை வரைய இடமில்லை, விட்டுவிட வேண்டும். எதை விடுவது என்று பிள்ளைகள் வாதாடும் அந்த நிமிடம்தான் பாடம். கணக்கில் இடறுவது பெரும்பாலும் அலகில்: 8ஐ 50ஆல் வகுத்து வரும் 0.16 மீட்டரை 0.16 செ.மீ. என்று எழுதிவிடுவார்கள். இன்னொன்று பரப்பு. 1:100இல் 48 சதுர செ.மீ. பிடித்த அறை 1:50இல் 96 அல்ல, 192 சதுர செ.மீ. பிடிக்கும்.

புவியியலில் ‘ஸ்கேல்’ விகிதமாக இல்லாமல் தெரு, நகரம், ஆற்றுப்படுகை, நாடு என்று ஆய்வு நிகழும் மட்டத்தையும் குறிக்கும். அங்கே ‘அளவை’ என்று எழுதினால் பெரியது சிறியது மறுபடி மோதும். ‘படிநிலை’ என்பதே அதற்குச் சரி. ஏணி என்ற மூலப்பொருளும் அதில் இருக்கிறது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். தெருப் படிநிலையில் அடைத்த மழைநீர் வடிகால்தான் கண்ணில் படும். ஆற்றுப்படுகைப் படிநிலைக்கு ஏறினால், செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்வதும், மேலேயுள்ள ஏரிகளின் நீர் அதே ஆற்றுக்கு வருவதும் தெரியும். வேளச்சேரியின் நீரோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வடிய வேண்டியது. அடையாற்றங்கரையில் உள்ள கோட்டூர்புரத்து வெள்ளத்துக்கான விடையை வேளச்சேரிக்கு எழுதினால் பொருந்தாது.

நிலப்பட அளவை மாறினால் எண்ணே மாறும் என்பதற்கு இந்தியக் கடற்கரையைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. 7,516.6 கி.மீ. என்று தலைமுறையாக மனப்பாடம் செய்தோம். அது 1:45,00,000 அளவைத் தரவிலிருந்து வந்தது. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் நான்கரை கிலோமீட்டர், எனவே அதைவிடச் சிறிய வளைவும் கழிமுகமும் நேர்கோடாகிவிடும். 1:2,50,000 அளவையில் மில்லிமீட்டருக்கு 250 மீட்டர்தான். அந்தத் தரவைக் கொண்டு மீண்டும் அளந்தபோது நீளம் 11,098.81 கி.மீ. ஆனது, தமிழ்நாட்டுக்கு 906.9 என்றிருந்தது 1,068.69 ஆனது. இனி வினாத்தாளில் ‘கடற்கரையின் நீளம் என்ன?’ என்று மட்டும் கேட்காமல், எந்த அளவையில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.