ரீகாயில் பேட் வாங்கும் முன் நீளத்தை அளந்து பாருங்கள்

ரைபிளின் ஸ்டாக் (தோளில் வைக்கும் பின்கட்டை) முனையில் உதையைத் தாங்கும் ரப்பர் மெத்தைதான் ரீகாயில் பேட். .30-06 தோட்டா போடும் வேட்டை ரைபிளின் உதை சுமார் 20 அடி-பவுண்டு; .300 வின்செஸ்டர் மேக்னம் என்றால் 25-ஐத் தாண்டும். பழைய பேடில் நகத்தை அழுத்திப் பாருங்கள். பதியவில்லையா? ரப்பர் இறுகிவிட்டது, மாற்றலாம்.

எது மெத்தென்று இருக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நீளத்தைக் கேட்பவர் குறைவு. ட்ரிகரிலிருந்து பேடின் நடுப்பகுதி வரை அளந்தால் அமெரிக்க ரைபிள்களில் 13½ அங்குலத்தையொட்டி இருக்கும். அரை அங்குல பேடைக் கழற்றி ஒரு அங்குல பேடை மாட்டினால் அரை அங்குலம் நீளும்; குளிர்கால ஜாக்கெட்டோடு தூக்கும்போது அக்குளில் சிக்கும். பழைய நீளமே வேண்டுமென்றால் ஸ்டாக்கில் அந்த அரை அங்குலத்தை அறுத்தாக வேண்டும். நீளம் குறைந்தாலோ கண் ஸ்கோப்பை (குறி பார்க்கும் தொலைநோக்கியை) நெருங்கிவிடும், உதைக்கும்போது புருவம் கிழியலாம்.

வேலையில் இறங்குமுன் மேகஸினைக் காலி செய்து, போல்ட்டை உருவி, சேம்பரை (தோட்டா அமரும் அறையை) கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ஸ்க்ரூக்கள் ரப்பருக்குள் புதைந்திருக்கும். உருண்டைத் தண்டுள்ள ஸ்க்ரூடிரைவரில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி இறக்குங்கள். சதுரத் தண்டு ரப்பரைக் கிழித்துவிடும்.

புது பேடின் துளைகள் பழையவற்றோடு பொருந்தாதது சகஜம். பழைய துளைகளில் கெட்டி மரக்குச்சியை எபாக்ஸி பசை தடவி அடைத்து, மறுநாள் 1/8 அங்குல பிட்டால் துளையிடுங்கள். துளையில்லாமல் ஸ்க்ரூவை முறுக்கினால் ஸ்டாக்கின் வால்நட் மரம் ஓரத்தில் பிளக்கும். பிளாஸ்டிக் ஸ்டாக் பெரும்பாலும் உள்ளே காலியாக இருக்கும்; அதற்கு அந்த மாடலுக்கென்றே வார்த்த பேடை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஸ்டாக்கைவிடப் பெரிதாக வரும், தேய்த்துப் பொருத்தும் பேடில்தான் அதிகம் கெடுகிறது. ஸ்டாக்கில் மாட்டி, விளிம்பைச் சுற்றிக் கூர்முனையால் கோடு கீறி, கழற்றி ஜிக்கில் (பேடைச் சாய்வோடு பிடித்துக்கொள்ளும் சட்டத்தில்) வைத்து பெல்ட் சாண்டரில் தேயுங்கள். ஸ்டாக்கில் டேப் ஒட்டி அப்படியே தேய்க்கும் பழக்கமும் உண்டு. சாண்டர் பெல்ட் ஒரு நொடி நழுவினால் டேப்போடு பாலிஷும் போய்விடும். ஸ்டாக்கின் அடிக்கோடு எந்தச் சாய்வில் வருகிறதோ, பேடின் அடியும் அதே சாய்வில் இறங்க வேண்டும். நேராகத் தேய்த்தால் கீழே புடைப்பு துருத்தும். 80 கிரிட் உப்புத்தாளில் தொடங்கி 220-இல் முடியுங்கள். அழுத்தினால் ரப்பர் சூடேறிப் பிசுபிசுக்கும், ஆகவே மெதுவாக. மாஸ்க் கட்டாயம்.

மென்மையான பேடின் மேல் ரைபிளை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் ரப்பர் நசுங்கி, வடிவம் திரும்பாது. நீளம் மாறியதால் ஸ்கோப்பை நகர்த்தியிருந்தால், வேட்டைக்குக் கிளம்புமுன் ரேஞ்சில் சுட்டுப் பார்த்து மறுபடி சீரோ செய்துவிடுங்கள் (குறியைச் சரிசெய்துவிடுங்கள்).