புளோ-பை: வளையத்தை நழுவிய வளி

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ உள்ள ஒரு காரில், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றிப் பார்க்கிறார்கள். உட்புறம் எண்ணெய்ப் பிசுக்கு. உடனே பட்டறையில் தீர்ப்பு வந்துவிடும்: ‘ஆயில் புளோ-பை.’ இந்தத் தொடரின் முதல் சொல்தான் ஆளைத் திசைதிருப்புகிறது. புளோ-பை என்பது வளியின் பெயர். எண்ணெய் அந்த வளியில் தொற்றிக்கொண்டு வருவது. இது புரியாமல் எண்ணெய் ஒழுகும் ஓட்டையைத் தேடி எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வருபவர்கள் உண்டு.

ஆங்கிலத்தில் ‘புளோ’ என்றால் ஊதுதல், வீசுதல். ‘பை’ என்பதற்கு இங்கே ‘பக்கமாகக் கடந்து’ என்று பொருள். ‘பைபாஸ்’ சாலையில் இருக்கிற அதே ‘பை’. சிலிண்டருக்குள் எரிந்த வளி பிஸ்டனின் தலையை அமுக்க வேண்டும். அதில் ஒரு பங்கு, பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் பிஸ்டன் வளையங்களின் ஓரமாக நுழைந்து, கீழே கிராங்க் தண்டு சுழலும் கூடான கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடுகிறது. அதுதான் புளோ-பை. ஜெர்மன் பொறியாளர்கள்கூட ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு ‘புளோ-பை-காஸ்’ என்கிறார்கள். டர்போ கார்களில் உள்ள ‘புளோ-ஆஃப்’ வால்வுக்கும் இதற்கும் உறவில்லை. எஞ்சினுக்குக் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் திடீரென மூடும்போது உள்ளிழுக்கும் குழாயில் தேங்கும் அழுத்தக் காற்றைத் திறந்துவிடுவது அது.

புதிய எஞ்சினிலும் புளோ-பை இருக்கும். வளையம் சூடேறி விரிய வேண்டும் என்பதால் அதன் இரு முனைகளுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டுத்தான் பொருத்துகிறார்கள்; சாதாரணக் கார்களில் அது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுக்குள்தான் இருக்கும். டர்போ எஞ்சினில் சூடு அதிகம் என்பதால் இடைவெளியையும் சற்றுக் கூட்டுவார்கள். உள்ளே அழுத்தமும் கூடுதல். இவை போதாதென்று டர்போவின் அச்சு வழியாகவும் கொஞ்சம் வளி கசிந்து, எண்ணெய் வடியும் குழாய் வழியே கிராங்க்கேஸில் சேரும். ஆக, டர்போ எஞ்சினுக்குப் புளோ-பை பிறவிக் குணம். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கிராங்க்கேஸில் சேர்ந்த வளி வெளியேறியாக வேண்டும். பழைய கார்களில் ஒரு குழாய் அதைச் சாலையிலேயே விட்டுவிடும். 1961இல் கலிபோர்னியா இதற்குக் கடிவாளம் போட்டது: அந்த வளியை எஞ்சினே மீண்டும் உறிஞ்சி எரிக்கும் பி.சி.வி. அமைப்பைக் கட்டாயமாக்கியது. டர்போ இல்லாத எஞ்சினில் இது எளிது. உள்ளிழுக்கும் குழாயில் பெரும்பாலும் வெற்றிடம் இருப்பதால் வளி தானாக இழுபடும். டர்போ அழுத்தம் ஏறியதும் அந்த வெற்றிடம் போய்விடுகிறது. அப்போது ஒருவழி வால்வு மூடிக்கொள்ள, வளி வேறு குழாய் வழியாக டர்போவின் வாய்க்குப் போகிறது. கிராங்க்கேஸில் தெறிக்கும் எண்ணெய் பனிபோல் அதில் கலந்து, டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர், இன்டர்கூலர் என்று படிந்துகொண்டே போகும். மெல்லிய படலம் என்றால் கவலை வேண்டாம். குழாயைச் சாய்த்தால் வழியும் அளவு என்றால், எண்ணெய் கலந்த காற்று ‘நாக்கிங்’ வரவழைக்கும்; அதாவது எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடித்துத் தட்டும் சத்தம் எழும். நேரடி எரிபொருள் பீச்சல் உள்ள எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வுகளைக் கழுவ எரிபொருள் வராததால் அவற்றில் கரியும் ஏறும்.

தமிழில் இதை என்னவென்று சொல்வது? ‘எண்ணெய்க் கசிவு’ என்று எழுதினால் தரையில் சொட்டும் எண்ணெய்தான் கண்முன் வரும். ‘தப்புவளி’ பொருளுக்குப் பொருந்தும். ஆனால் தப்பு என்றதும் தவறுதான் நினைவுக்கு வருகிறது. என் தேர்வு ‘நழுவுவளி’. பக்கவாட்டில், சத்தமில்லாமல், இருந்த இடத்தைவிட்டுப் போவதைத்தானே நழுவுதல் என்கிறோம்? எண்ணெய் சேர்ந்ததை ‘எண்ணெய் ஏறிய நழுவுவளி’ எனலாம். கிராங்க்குக்கு ஏற்கெனவே ‘வணரி’ இருக்கிறது. வணர் என்றால் வளைவு. யாழின் வளைந்த தண்டைப் பழம்பாடல்கள் வணர்கோடு என்கின்றன. ஆங்கிலக் ‘கிராங்க்’கின் வேரும் வளைவுதான். கிராங்க்கேஸை ‘வணரிக்கூடு’ என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

பெயர் சரியானால் தேடும் இடமும் சரியாகும். எண்ணெய் அளவு குறியீட்டுக்கு மேலே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அளவு மிஞ்சினாலே எண்ணெய்ப் பனி கூடும். அடுத்தது அந்த ஒருவழி வால்வு. அது பழுதானால் டர்போ அழுத்தம் நேராக வணரிக்கூட்டுக்குள் புகுந்து, எண்ணெய் அளவுகோலையே வெளியே தள்ளிவிடக்கூடும். இங்கே இன்னொரு குழப்பமும் நேரும். டர்போவில் இருந்து எண்ணெய் தன் எடையால்தான் கீழே வடிகிறது. வணரிக்கூட்டில் அழுத்தம் ஏறினால் வடிய வழியின்றி டர்போவின் தடுப்பு வளையங்களைத் தாண்டி வந்துவிடும். குற்றமில்லாத டர்போவைக் கழற்றி வேறு மாட்டிய பிறகும் எண்ணெய் வரும். காரணம் கீழே, வணரிக்கூட்டில் இருக்கிறது.

வளையம் தேய்ந்ததா என்பதைக் கசிவுச் சோதனை காட்டிக்கொடுக்கும். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்திக் காது கொடுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் வாயில் சீறல் கேட்டால் வளையம். புகைக்குழாயில் கேட்டால் வெளியேற்று வால்வு. வளையம்தான் என்றால் எஞ்சினைப் பிரிக்காமல் தீராது.

பலரும் நாடும் ‘கேட்ச் கேன்’, தமிழில் ‘பிடிகலம்’, நழுவுவளியைக் குறைக்காது. வலை, தடுப்புத் தகடுகளில் வளியை மோதவிட்டு எண்ணெயை மட்டும் பிரித்து வைக்கும். வெளிக்காற்றுக்குத் திறந்துவிடாமல், டர்போவின் வாய்க்கே திரும்பும்படி இணைப்பதுதான் முறை. இல்லாவிட்டால் 1961க்கு முந்தைய சாலைக் குழாய்க்கே திரும்பிய கதைதான். கலத்தில் சேர்வதைத் திரும்ப எஞ்சினில் ஊற்றாதீர்கள். அதில் எண்ணெயோடு தண்ணீரும் எரியாத எரிபொருளும் கலந்திருக்கும். குளிர்காலத்தில் அது பால்போல் வெளுத்திருப்பது அந்தத் தண்ணீரால்தான்.