ஒரே இலக்கத்தில் மூன்று பொதிப்பெட்டிகள்

ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா அனுப்பிய மாதிரிப் புகையிரதத்தில் மூன்று பொதிப்பெட்டிகளுக்கும் ஒரே இலக்கம். டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் இலக்கப் படலம்) வாங்கி மாற்றி ஒட்டினால் எழுத்தைச் சுற்றி வெள்ளி பூசினதுபோல் மினுங்குகிறது. என்ன செய்யலாம் என்று கோண்டாவில் வாசகர் ஒருவர் கேட்கிறார். இலக்கத்தை மாற்றுவது கைவேலை. அந்த வெள்ளி மினுக்கம் பௌதிகம், ஆகவே அதைத்தான் ஆறுதலாகப் பார்க்கவேண்டும்.

முதலில், ஏன் ஒரே இலக்கம்? பொறித்த தகட்டில் மை நிரப்பி, அதை மென்மையான சிலிக்கோன் திண்டால் ஒற்றியெடுத்து, பெட்டியில் அழுத்துவதுதான் தொழிற்சாலை முறை. இலக்கத்தை மாற்றுவதென்றால் தகட்டையும் மாற்றவேண்டும், அதற்குச் செலவு. உண்மையான றெயில்வேயில் இரண்டு பெட்டிகளுக்கு ஒரே இலக்கம் இருக்காது. இலக்கத்தை வைத்துத்தான் பெட்டி எங்கே நிற்கிறது, என்ன ஏற்றியிருக்கிறது என்று கணக்கு வைக்கிறார்கள். மாதிரியிலும் பெட்டிக்கொரு அட்டை எழுதி ஓட்டுபவர்களுக்கு இரட்டை இலக்கம் பெரிய தலையிடி.

வட அமெரிக்கப் பெட்டியில் இலக்கம் நான்கு இடத்தில் இருக்கும்: இரண்டு பக்கங்கள், இரண்டு முனைகள். முனைகளை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம். உண்மைப் பெட்டியின் 9 அங்குல உயர எழுத்து, 87 இல் ஒரு பங்கான 1:87 மாதிரியில் 2.6 மில்லிமீற்றராகவும், 7 அங்குல எழுத்து 2 மில்லிமீற்றராகவும் சுருங்கிவிடும். இந்தச் சிறிய அளவில் முழு இலக்கத்தையும் அழித்து எழுதுவது வீண்வேலை, கடைசி ஓர் இலக்கத்தை மாற்றினாலே போதும்.

அதிலும் அந்த இலக்கம் 8 ஆக இருந்தால் டெக்கலே தேவையில்லை. இடதுபக்க வளைவுகள் இரண்டையும் கூரான பிளேட் நுனியால் சுரண்டினால் 3, நடுக்கோட்டை எடுத்தால் 0, மேல் வலது வளைவை எடுத்தால் 6, கீழ் இடது வளைவை எடுத்தால் 9. வாகன இலக்கத்தைக் கூட்டி எட்டு வந்தால் சனியன் என்று முகம் சுளிப்பவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். இந்த வேலையில் எட்டைப்போல அதிர்ஷ்ட எண் வேறில்லை.

இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பதற்கு அர்த்தமுள்ள இடமும் ஒன்று உண்டு. ஐரோப்பியப் பெட்டிகளின் 12 இலக்கங்களில் கடைசியானது சோதனை இலக்கம், அதாவது மற்றவற்றை எழுதும்போது விட்ட பிழையைக் காட்டிக்கொடுப்பது. 21 81 2471 217-3 என்பதை எடுங்கள். முதற் பதினொன்றையும் வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டித்து, இரட்டித்தது ஈரிலக்கமானால் அவ்விரண்டையும் கூட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் சேர்த்தால் 37. அதை 40 ஆக்கத் தேவையானது 3. ஆகவே 217 ஐ 218 ஆக மாற்றினால் கூட்டுத்தொகை 39, சோதனை இலக்கம் 1. இரண்டையும் மாற்றவேண்டும். வங்கி அட்டையிலும் இதே கணக்குத்தான். எண்சாத்திரக்காரருக்குக் கொடுக்கும் காசுக்கு இந்த அளவுக்காவது பிழை பிடித்துத் தரலாம். கனடாப் பெட்டியில் சோதனை இலக்கம் இல்லை, வாசகர் தப்பினார்.

பழைய இலக்கத்தை அழிக்க, பாமசியில் கிடைக்கும் 70 வீத ஐசோபுரொப்பைல் அற்ககோலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஒரு நிமிடம் ஈரமாக வைத்துவிட்டு, பல்லுக்குத்தும் குச்சியின் நுனியால் மெதுவாகத் தேயுங்கள். பெட்டியின் அடிப்பக்கத்தில் முதலில் பரீட்சித்துப் பார்க்கவேண்டும். பிளாஸ்ரிக்கின் சொந்த நிறமென்றால் மை மட்டும் வரும், மேலே பெயின்ற் அடித்ததென்றால் அதுவும் சேர்ந்து வரலாம். நகப்பூச்சு நீக்கியும் ரின்னரும் வேண்டவே வேண்டாம். அவற்றில் இருக்கக்கூடிய அசற்றோன், பெட்டியின் பிளாஸ்ரிக்கான பொலிஸ்டைரீனின் மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றை அவிழ்த்துவிடும், சுவர் கரைந்து நெளியும். அற்ககோலுக்கு அந்தச் சங்கிலிகளோடு ஒட்டுறவு குறைவு.

இனி டெக்கல். அடியில் உறிஞ்சும் தாள், அதன்மேல் மாப்பொருளிலிருந்து எடுத்த டெக்ஸ்றின் பசை, அதன்மேல் மெல்லிய ஒளிபுகு படலம், படலத்தில் இலக்கம். எழுத்தை ஒட்டினாற்போல் வெட்டி, 10 முதல் 15 செக்கன் தண்ணீரில் நனைத்து எடுத்து, ஒரு நிமிடம் வெளியே வைத்தால் பசை இளகிப் படலம் வழுக்கும். தானாகக் கழன்று மிதக்கும்வரை ஊறவிட்டால் பசை முழுவதும் கழுவுப்பட்டுவிடும். வீட்டு இங்க்ஜெற் பிறின்ரரால் வெள்ளை அச்சிட முடியாது. கபிலநிறப் பெட்டிக்கு வெள்ளை இலக்கம் வேண்டுமென்றால் ஆயத்தமாக அச்சிட்ட டெக்கல் தாள்தான் வாங்கவேண்டும்.

தண்ணீர் விடயத்தில் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு தனி எச்சரிக்கை. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவை. வன்னீர் காயும்போது கல்சியம் காபனேற்று வெண்பொடியாகப் படலத்தின் ஓரத்தில் நின்றுவிடும். பற்றரிக்கு விடும் காய்ச்சிவடித்த தண்ணீரைப் பாவியுங்கள், மழைத்தண்ணீரும் நல்லது.

இப்போது அந்த வெள்ளி மினுக்கம். பெட்டியின் மங்கல் பூச்சு, நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மேடும் பள்ளமும். படலம் மேடுகளில் மட்டும் தங்கிப் பள்ளங்களில் வளியை அடைத்துவிடுகிறது. படலத்தின் முறிவுச்சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) ஏறக்குறைய 1.5, வளியினது 1. ஒளி அந்த எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் சுமார் 4 வீதம் தெறிக்கும். படலத்திலிருந்து வளிக்குள் போகும்போது ஒன்று, வளியைத் தாண்டிப் பூச்சைத் தொடும்போது இன்னொன்று. ஆயிரக்கணக்கான குழிகளிலிருந்து பல திசையில் வரும் இந்தத் தெறிப்புத்தான் வெள்ளி. வளிக்குப் பதிலாக 1.5 சுட்டியுள்ள ஏதாவது நிரம்பியிருந்தால் எல்லையே மறைந்துவிடும், தெறிக்க ஒன்றுமில்லை. வெள்ளை வேட்டி நனைந்தால் உள்ளே இருப்பது தெரிவதும் இதனால்தான்.

ஆகவே ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தில் தண்ணீரில் கரையும் வகையான மினுக்க அக்ரிலிக் தெளிபூச்சை மெல்லியதாகப் பூசி, ஒரு நாள் காயவிடவேண்டும். பள்ளங்கள் நிரம்பி மேற்பரப்பு மட்டமாகிவிடும். வாசகர் விட்ட படி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்துத்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. படலத்தைக் கீழே இழுத்து ஒட்டவைப்பது பசையைவிட, வெளியேறிப்போகும் தண்ணீர்தான். படலத்துக்கும் பூச்சுக்கும் இடையே ஒரு மைக்கிரோமீற்றர் தண்ணீர் இருப்பதாக வையுங்கள். ஓரங்களில் அது உட்குழிந்து நிற்கும். தண்ணீரின் மேற்பரப்பிழுவை மீற்றருக்கு 0.072 நியூற்றன். அதை இரண்டால் பெருக்கி இடைவெளியால் வகுத்தால் 144,000 பஸ்கால் வரும், அதாவது வளிமண்டல அமுக்கத்தின் 1.4 மடங்கு. தண்ணீர் ஆவியாக இடைவெளி பாதியானால் இழுவை இரட்டிக்கும். நெருங்க நெருங்க இன்னும் இறுக்கி இழுக்கும் ஒரு பிடி! விரலால் அழுத்துபவர்கள் இந்தப் பிடியைக் குழப்புகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இரண்டு நிபந்தனைகள். தண்ணீர் மேற்பரப்பை முழுதாக நனைக்கவேண்டும், எண்ணெய்க் கைரேகை இருந்தால் நனைக்காது. வினாகிரியைச் சமஅளவு தண்ணீரில் கலந்து முதலில் ஒரு துளி வைத்தால் நனைப்பு மேம்படும். மற்றது, படலம் வளைந்துகொடுக்க வேண்டும். பலகை இடுக்கு, ஆணித்தலை இருக்கும் இடத்தில் விறைத்த படலம் பாலம்போட்டு நின்றுவிடும். அதற்கென விற்கும் மென்மையாக்கும் திரவத்தில் உள்ள கரைப்பான் படலத்துக்குள் ஊறி அதை இளக்குகிறது. ஊறிய படலம் பரப்பில் விரிவதால் சில நிமிடங்களில் பயங்கரமாகச் சுருக்கம் விழும். பயந்து தொட்டால் கிழியும். கையைக் கட்டிக்கொண்டு அரை மணிநேரம் இருங்கள். கரைப்பான் ஆவியாகப் படலம் பழைய அளவுக்குச் சுருங்கும், தண்ணீரின் இழுவை அதை ஒவ்வோர் இடுக்கிலும் அமர்த்திவிடும். பிறகும் எங்காவது மினுங்கினால் ஊசியால் நான்கைந்து துளை குத்தி அதே திரவத்தை இன்னொரு துளி விடலாம்.

இலக்கம் நேராக நிற்க, மறைப்பு நாடாவை அடிக்கோடாக ஒட்டிக்கொண்டு வேலைசெய்யலாம். 1 க்கு இருபக்கமும் இடம் குறைத்து விடவேண்டும், இல்லாவிட்டால் பல்லுப்போனதுபோல் தெரியும். பழைய இலக்கம் இருந்த இடம் கறையாகிவிட்டாலும் குறையில்லை. உண்மையான றெயில்வேக்களும் பெட்டி கைமாறும்போது ஒரு சதுரத்துண்டு பெயின்ற் அடித்து அதன்மேல் புது இலக்கம் எழுதுகின்றன. நிறம் கொஞ்சம் மாறினால் இன்னும் நம்பும்படியாக இருக்கும்.

கடைசியாக மங்கல் தெளிபூச்சு. ஸ்பிறே வகையென்றால் மாரி காலத்தில் அடிக்கவேண்டாம். கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், ஈரவளியிலிருந்து நீராவி அதில் ஒடுங்கிப் பால்போல் வெளுக்கும். வெயில் ஏறிய பிறகு, 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரத்தில் நின்று, இரண்டு மெல்லிய தடவைகள் போதும். வெளுத்துவிட்டால் சுரண்டாதீர்கள். உலர்ந்த நாள் ஒன்று பார்த்து அதே பூச்சை மேலாக ஒரு தடவை அடித்தால், கீழ்ப்பூச்சு மீண்டும் இளகி ஈரம் வெளியேறும், பெரும்பாலும் தெளிந்துவிடும்.