அடைத்த பல் ஏன் மறுபடியும் உடைகிறது?

"அடைத்த பல் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை, டாக்டரம்மா" என்பது தேனி மாவட்டம் கம்பம், கூடலூர்ப் பக்கத்தில் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு அடிக்கடி வரும் முறையீடு. அப்படி வருபவரின் வாயைத் திறந்து பார்த்தால், கடைவாய்ப் பற்களின் மேடுகள் தட்டையாகத் தேய்ந்து, கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடு விழுந்து, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம் இருப்பதைப் பல நேரம் காண்கிறேன். இரவில் நறநறவென்று பல் கடிப்பது அவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும்.

பல் கடிப்பதால் நேரடியாகச் சொத்தை வருவதில்லை. சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்க, வாயின் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுதல்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போதுதான் பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்குகிறது. ஆனால் கடித்துக் கடித்து எனாமல் தேய்ந்த இடத்தில் வெளிப்படும் பல்திசு அதைவிட மென்மையானது, குறைந்த அமிலத்திலேயே கரையக்கூடியது. விழுந்த விரிசலுக்குள் பிரஷ் போகாது, கிருமி போகும். மறுபுறம், சொத்தை உள்ளே குடைந்து சுவர் மெலிந்த பல், தூக்கத்தில் கட்டுப்பாடின்றி விழும் தாடையின் அழுத்தத்தில் பிளந்துவிடுகிறது. சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் கடிப்பது நின்றுவிடும் என்றோ, எல்லாம் வயிற்றுப் பூச்சியால் என்றோ நினைக்க வேண்டாம். பல் கடிப்பது தூக்கத்தின்போது மூளையில் எழும் சலனத்தால் வருவது. மன உளைச்சல், புகையிலை, அளவுக்கு மீறிய காபி, டீ ஆகியவை அதைக் கூட்டும்.

விடியுமுன் ஜீப் ஏறிக் குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களிடம் சொத்தை, பல் தேய்மானம் இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன. வேலைக்கு நடுவே சர்க்கரை தூக்கலாகப் பலமுறை குடிக்கும் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) ஒரு காரணம். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் பழக்கமான உமிக்கரி (நெல் உமியைக் கருக்கிய பல்பொடி) இன்னொன்று: உமியிலுள்ள சிலிக்கா, ஏற்கெனவே தேய்ந்த பல்லை மேலும் அராவுகிறது. ஃபுளோரைடு பற்பசையே போதும் என்று நான் சொன்னால், பாட்டி காலத்துப் பழக்கம் என்று கொஞ்சம் கோபிக்கிறார்கள்.

சிகிச்சையில் வரிசை முக்கியம். முதலில் சொத்தையை நீக்கி அடைக்க வேண்டும். சுவர் மெலிந்திருந்தால் அடைப்போடு நிறுத்தாமல் கேப் போட வேண்டும். அதன் பிறகே அளவெடுத்து நைட் கார்டு (இரவில் பல்வரிசைமேல் மாட்டும் உறை) செய்ய வேண்டும். முந்திச் செய்தால், அடைத்தபின் அது பொருந்தாமல் போகலாம். நைட் கார்டு கடிப்பதை நிறுத்தாது, பல்லுக்குப் பதிலாகத் தேய்மானத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். அதற்கு அடியில் உமிழ்நீர் சரியாகப் போகாது என்பதால், இரவில் பல் துலக்காமல் மாட்டினால் சொத்தைக்கு அதுவே வசதியாகிவிடும். காலையில் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும்.