ஆச்சியின் 1,200 ரூபாய் எங்கே நிற்கிறது?

மாதத்தின் முதல் வாரம் என்றால் என் கடைத் திண்ணையில் உட்கார இடம் இருக்காது. காலை எட்டு மணிக்கே மஞ்சப் பையும் கையுமாக வந்துவிடுவார்கள். பைக்குள் பாஸ்புக், ஆதார் நகல், ஒரு வெற்றிலைப் பொட்டலம். நான் வங்கி முகவர். ஊரில் எல்லோருக்கும் "பேங்க் மிஷின் அக்கா". கைரேகை மிஷினில் விரல் வைக்கச் சொல்லி முதியோர் உதவித்தொகையை எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலையில் பாதி. தென்காசிப் பக்கத்துக் கிராமம். பீடி சுற்றியே வயதானவர்கள் அதிகம்.

2024-இல் ஒரு ஆச்சி ஏழு மாதம் தொடர்ந்து வந்தார். விரல் வைப்பார், இருப்பு 43 ரூபாய் என்று காட்டும். "இந்த மாசமும் வரலியா தாயி?" என்பார். "வரல ஆச்சி, அடுத்த மாசம் பாப்போம்" என்பேன். பின்னால் இருபது பேர் காத்திருப்பார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். எட்டாவது மாதம் அவர் திண்ணையை விட்டு இறங்கவில்லை. "நான் செத்துப்போயிட்டேன்னு எழுதிட்டாங்களோ?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கூட்டம் போனபின் அவருடைய காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன்.

பணம் நிற்கவே இல்லை. மாதாமாதம் ஒழுங்காக வந்திருக்கிறது, வேறொரு வங்கிக்கு. மகளிர் குழுக் கடனுக்காக மருமகள் அவர் பெயரில் ஒரு புதுக் கணக்கு தொடங்கியிருந்தார். அங்கே ரேகை வாங்கியபோது ஆதாரையும் அந்தக் கணக்கோடு இணைத்துவிட்டார்கள். அந்த பாஸ்புக் வீட்டு டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அதில் ஏழு மாதப் பணம், 8,400 ரூபாய். அந்த ஏழு மாதமும் ஆச்சி இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறார்.

இதை எழுதக் காரணம் அந்த மாத்திரைதான். உதவித்தொகை வரவில்லை என்றால் நாம் உடனே "தாலுகா ஆபீஸில் நிறுத்திவிட்டார்கள்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் அங்கே நிற்பதில்லை. கஜானாவுக்கும் ஆச்சியின் கைக்கும் நடுவில் எங்கோ சிக்கிக்கொண்டு கிடக்கிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருகிறதா, ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறதா என்பது. ஒருவருக்கு நான்கு வங்கியில் கணக்கு இருக்கலாம். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் அவற்றில் ஒன்றுக்குத்தான் போகும். கடைசியாக எந்தக் கணக்கு அதற்கென இணைக்கப்பட்டதோ, அந்தக் கணக்குக்கு. பழைய வங்கி இதை நமக்குச் சொல்லாது. மைஆதார் இணையதளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆதாரில் பதிந்த செல்போனுக்கு ஓடிபி வரும், போட்டால் எந்த வங்கி என்று காட்டிவிடும். போன் எண் பதியாதவர்கள் கிளைக்குப் போய்க் கேட்கலாம். பேரனோ பேத்தியோ வீட்டில் இருந்தால் பத்து நிமிட வேலை. வீட்டுப் பெரியவர் பெயரில் யார் புதிதாகக் கணக்கு தொடங்கினாலும், "அரசு மானியம் இந்தக் கணக்கில் வர சம்மதம்" என்ற கட்டத்தில் டிக் அடிக்கிறார்களா என்று பாருங்கள். கடன் வாங்கும் அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை.

அப்புறம் ரேகை. நாற்பது வருடம் பீடி இலை வெட்டிச் சுருட்டிய விரலையும் வயல் வேலை, சித்தாள் வேலை பார்த்த விரலையும் தினமும் பார்க்கிறேன். கோடே இருக்காது, கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். வெயில் காலத்தில் தோல் வறண்டு இன்னும் மோசம். ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு, திரும்பத் துடைத்துவிட்டு வைக்கச் சொல்வேன். கட்டைவிரலில் விழாவிட்டால் மோதிர விரல், அதுவும் இல்லையென்றால் இடது கை. பத்து விரலும் வைத்து ஒன்றும் விழாமல், தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தபடி இறங்கிப் போன தாத்தாக்கள் உண்டு. தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ரேகை விழாததால் பணம் இல்லை என்று ஆகிவிடாது. மிஷின் வந்தது வசதிக்காக. கணக்கு வங்கியில்தான் இருக்கிறது. கிளைக்குப் போய், பணம் எடுக்கும் படிவத்தில் மையில் பெருவிரல் வைத்து வாங்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பழைய காலத்திலிருந்தே உள்ள வழி இது. "மிஷினுக்குப் போங்க" என்று கவுன்டரில் திருப்பி அனுப்பினால் மேலாளரைப் பாருங்கள். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்தால் சிலருக்குச் சரியாகிவிடுகிறது. அங்கே போகும்போதே செல்போன் எண்ணையும் சேர்த்துப் பதிந்துவிடுங்கள், ஒரே அலைச்சல்.

எழுந்து நடக்கவே முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கையெழுத்தும் போட முடியாமல் நேரிலும் வர முடியாமல் இருப்பவர்களின் பெருவிரல் அல்லது கால்விரல் ரேகையைப் படிவத்தில் வாங்கிக்கொண்டு பணம் தரலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருக்க வேண்டும். இதை நான் ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கவாதத்தில் இரண்டு கையும் மடங்கிப்போன ஒரு தாத்தா. கிளையிலிருந்து வந்த தம்பி கயிற்றுக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தாத்தாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, ஈரத்துணியால் துடைத்து, மை தொட்டு, படிவத்தை அட்டையோடு தூக்கிப் பிடித்து ரேகை வாங்கினார். தாத்தாவுக்குப் பேச்சு வராது. அந்தத் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கேட்கிறவர்கள்தான் குறைவு. எழுத்தில் கொடுங்கள், நகலில் கிளை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

என் தொழிலில் உள்ளவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. 1,200 எடுத்துவிட்டு 1,150 கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். "சர்வீஸ் சார்ஜ்" என்பார்கள். எங்களுக்குக் கமிஷன் வங்கி தருகிறது. உதவித்தொகை எடுக்க வருகிறவரிடம் பத்து ரூபாய்கூட வாங்கக் கூடாது. அதைவிடக் கொடுமை, "ரேகை விழல, இன்னொரு தடவை வைங்க" என்று சொல்லி இரண்டு தடவை எடுப்பது. ஒவ்வொரு தடவை விரல் வைத்தபோதும் சீட்டு கேளுங்கள். எடுபடவில்லை என்றால் அதற்கும் சீட்டு வரும். எடுத்த தொகையையும் மீதி இருப்பையும் சத்தமாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கணக்கில் வீட்டாருடைய செல்போன் எண் பதிந்திருந்தால் குறுஞ்செய்தி வந்துவிடும், ஏமாற்றுவது கஷ்டம். கணக்கில் கழிந்து கையில் பணம் வராமல் போனால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்பி வரவேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு உண்டு. இது 2019-இலிருந்து உள்ள விதி. சீட்டு கையில் இருந்தால்தான் இதைக் கேட்க முடியும்.

சரி, தாலுகாவிலேயே நின்றிருந்தால்? தாசில்தார் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று தனி வட்டாட்சியர் இருக்கிறார். எங்கள் ஊரில் அதிகம் நடப்பது இதுதான்: ஆச்சி மகள் வீட்டுக்குப் போய் நாலு மாதம் இருப்பார், அந்த நேரம் பார்த்து விசாரணைக்கு ஆள் வருவார், வீடு பூட்டியிருக்கும், "முகவரியில் இல்லை" என்று அறிக்கை போய்விடும். வெளியூர் போகும்போது கிராம நிர்வாக அலுவலரிடமும் பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் பாதித் தொல்லை தீரும். நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தால், ஏன் என்பதை வாய்ப்பேச்சில் கேட்டுவிட்டு வராதீர்கள். மனு எழுதிக் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை தாலுகாவில் ஜமாபந்தி (வருவாய்க் கணக்குகளைச் சரிபார்த்து மனுவும் வாங்கும் முகாம்) நடக்கிறது, முதல்வரின் உதவி எண்ணான 1100-க்கு போன் செய்தும் பதியலாம். எண் உள்ள மனுவுக்கு ஒரு பதில் எழுதியே ஆக வேண்டும்.

புதிதாக விண்ணப்பிக்கிறவர்களுக்கு: இ-சேவை மையத்தில் இந்த ஓய்வூதிய விண்ணப்பத்துக்குக் கட்டணம் 10 ரூபாய்தான். ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தரகர்களுக்கு இதில் ஒரு வேலையும் கிடையாது. 60 வயது ஆகட்டும் என்று காத்திருக்கும் விதவைப் பெண்களைப் பார்த்தால் வயிறெரியும். ஆதரவற்ற விதவைகளுக்குத் தனித் திட்டமே இருக்கிறது, அதற்கு 60 ஆக வேண்டியதில்லை. கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கும், 50 வயது தாண்டியும் திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கும்கூட உண்டு.

தமிழ்நாட்டில் இந்த உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 1,000 என்பது 1,200 ஆனது. மத்திய அரசின் முதியோர் திட்டத்தில் வருகிறவர்களுக்கு டெல்லியின் பங்கு 80 வயதுக்குக் கீழே 200 ரூபாய், அதற்கு மேல் 500. மிச்சத்தை மாநிலம் போடுகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை உண்டு. சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடும் உண்டு. அதை யாரும் கேட்டுப் போய் நான் பார்த்ததில்லை.

சொல்லத் தயங்கும் ஒன்றும் இருக்கிறது. பெரியவர் காலமானால் உடனே கிராம நிர்வாக அலுவலரிடமும் வங்கியிலும் சொல்லிவிடுங்கள். அதன்பிறகு வரும் மாதப் பணம் நம்முடையதில்லை, எடுத்தால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அவர் இருக்கும்போது கணக்கில் சேர்ந்த பணம் வேறு. நாமினி போட்டிருந்தால் அது வீட்டுக்குச் சுலபமாக வந்துவிடும். என்னிடம் வரும் பாஸ்புக்குகளில் நாமினி இடம் காலியாகவே இருக்கிறது, அடுத்த தடவை கிளைக்குப் போகும்போது அதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த ஆச்சி 8,400 ரூபாயை எடுத்து எண்ணி முடித்ததும் நேராக மருந்துக் கடைக்குப் போனார். இப்போது மாதாமாதம் வருகிறார். விரல் வைத்ததும் முதலில் சீட்டை நீட்டச் சொல்கிறார், "எத்தனைன்னு படி தாயி" என்கிறார். படித்துக் காட்டுகிறேன்.