மைக் இல்லாமல் 3,800 பேருக்கு: டெனர் குரல் எப்படி வேலை செய்கிறது?

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்ராவில் சுமார் 3,800 இருக்கைகள். மேடைக்கு முன்னே பள்ளத்தில் முழு வாத்தியக் குழு. பாடகருக்கு மைக் கிடையாது. ஆனாலும் கடைசி வரிசையில் இருப்பவருக்கு டெனரின், அதாவது உயர்ந்த சுருதியில் பாடும் ஆண் பாடகரின், குரல் தெளிவாகக் கேட்கிறது. உரக்கக் கத்துவதால் வரும் பலன் அல்ல இது. அத்தனை வாத்தியங்களோடு மல்லுக்கு நின்றால் எந்தத் தொண்டையும் தோற்கும்.

வாத்தியக் குழுவின் ஒலியாற்றல் 500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் உச்சத்தில் இருக்கும். அதற்கு மேலே போகப்போகக் குறையும். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் போட்டி குறைவு. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் அந்தப் பகுதியில்தான். பயிற்சி பெற்ற டெனர் தன் ஆற்றலில் கணிசமான பங்கை அங்கே குவிக்கிறார். ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் இதை அளந்து விளக்கினார். குரல் நாண்களுக்குச் சற்று மேலே ஒரு குறுகிய குழாய் தொண்டைக்குள் திறக்கிறது. அந்தத் திறப்பைப்போல் ஆறு மடங்குக்கும் அதிகமாகத் தொண்டையின் குறுக்குப் பரப்பு விரிந்தால், குழாய் தனியாக ஒத்ததிரத் தொடங்கும், அதாவது தனக்கு இசைந்த அதிர்வெண்ணை வலுவாக்கும். மேல்மட்ட ஒத்ததிர்வுகள் மூன்று நெருங்கி வந்து ஒன்றுக்கொன்று வலுச் சேர்க்கும். அதற்குக் குரல்வளை சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். கொட்டாவி தொடங்கும் கணத்தில் தொண்டை விரிகிறதே, அந்த நிலை. நாக்கின் அடியால் அமுக்கிக் குரல்வளையைத் தாழ்த்தினால் குரல் இருண்டு அடைத்துவிடும்.

டெனரின் உண்மையான சோதனை இருப்பது 330 முதல் 390 ஹெர்ட்ஸ் வரையிலான சிறு இடைவெளியில். குரல் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாறும் இந்த இடத்தை இத்தாலியர் ‘பஸாஜ்ஜோ’ என்பார்கள். ‘ஆ’ என்ற உயிரொலியின் முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ 700 ஹெர்ட்ஸ். பாடும் சுருதி 350ஐத் தொடும்போது அதன் இரண்டாம் மடங்கு சரியாக அங்கே வந்து நிற்கிறது. இன்னும் மேலே ஏறும்போது பழகாத உடம்பு அந்தத் துணையை விட மறுத்து வாயை அகலத் திறக்கும். குரல்வளையும் கூடவே ஏறும். வருவது கூச்சல். தேர்ந்தவர் அந்தத் துணையை விட்டுவிடுகிறார். ‘ஆ’வை மெல்ல ‘ஓ’ பக்கம் சாய்க்கிறார். இரண்டாம் ஒத்ததிர்வு, சுருதியின் மூன்றாம் மடங்கைப் பிடித்துக்கொள்கிறது. கேட்பவருக்கு எழுத்து மாறியதாகவே தோன்றாது. இந்த ஒரு திருப்பத்தைக் குரலில் படிய வைக்கவே பல ஆண்டுகள் ஆகும். அதில் அவசரப்படக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதைக் கடந்தவருக்குத்தான் ‘ஹை ஸி’ வசப்படும். நாண்கள் நொடிக்கு 523 முறை மூடித் திறக்கும் ஸ்வரம் அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெனர்கள் இத்தகைய உச்சங்களை மென்மையான கள்ளக்குரல் கலந்தே பாடினார்கள். 1837இல் பாரிஸில் இசையமைப்பாளர் ரோஸினியின் ‘கியோம் டெல்’ ஆப்ராவில் பிரெஞ்சு டெனர் ஜில்பேர் டுப்ரே ‘ஹை ஸி’யை நெஞ்சுக் குரலில் முழங்கினார். ரோஸினிக்கு அது பிடிக்கவில்லை. ரசிகர்களோ அதன் பிறகு வேறெதையும் ஏற்கவில்லை. 1972இல் மெட்ரோபாலிடனில் இத்தாலிய டெனர் பவரொட்டி ஒரே பாட்டில் ஒன்பது ‘ஹை ஸி’ பாடியதும் அந்த ஆசையின் தொடர்ச்சிதான்.

கச்சேரி மேடையின் சிக்கல் வேறு. அங்கே வாத்தியக் குழு பள்ளத்தில் இல்லை, பாடகரின் முதுகுக்குப் பின்னால் அதே மட்டத்தில் இருக்கிறது. இறந்தோருக்கான வழிபாட்டு இசையான வெர்டியின் ‘ரெக்வியம்’ போன்ற படைப்பில் தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காமல் அழுத்திப் பாடும் ஆபத்து அதிகம்.

அழுத்தம்தான் குரலைக் கெடுக்கிறது. காற்றழுத்தம் கூடினால் நாண்கள் பலமாக மோதும். அதிகம் மோதும் நடுப்பகுதியில் முடிச்சு தடிக்கும். நாண்கள் முழுதாக மூடாமல் காற்று கசியும், மெல்லிய ஒலியில் தொடங்குவதே கடினமாகும். இன்னொரு அறிகுறி, நொடிக்கு ஐந்து முதல் ஏழு வரை இருக்க வேண்டிய, நீட்டிப் பாடும் ஸ்வரத்தின் இயல்பான அசைவு (வைப்ராட்டோ) மெதுவாகி அகன்று தள்ளாடுவது. இளம் வயதில் ‘ஒதெல்லோ’ போன்ற கனமான பாத்திரங்களை ஏற்பதும் இங்கே கொண்டுவிடலாம். மொஸார்ட், டோனிஸெட்டி ஆகியோர் இசையமைத்த ஆப்ராக்களின் இலகுவான பாத்திரங்களில் சில ஆண்டுகள் நிதானமாக ஊறுவது நல்லது.

முடிச்சுக்கு முதல் மருந்து ஓய்வும் குரல் பயிற்சிச் சிகிச்சையும். திடீரெனக் குரல் உடைந்தால் நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம்: அன்றே மருத்துவரிடம் காட்டி, அவர் அனுமதிக்கும்வரை பேசாமல் இருக்க வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளக் கூடாது, அது கசிவை அதிகமாக்கும். அன்றைய நிகழ்ச்சியை ரத்து செய்தே ஆக வேண்டும். மீறிப் பாடினால் நாணில் நிரந்தரத் தழும்பு விழலாம்.