விலா எலும்புக்கு இரண்டு தீ

வீட்டில் பார்பிக்யூ ரிப்ஸ், அதாவது தணலில் வாட்டிய பன்றி விலா, செய்துபார்த்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: மேலே கருகிவிட்டது, உள்ளே கறி பல்லுக்கு மசியவில்லை. உடனே மசாலாவைக் குறை சொல்வார்கள், இல்லையென்றால் கறிக்கடைக்காரரை. தப்பு மசாலாவிலும் இல்லை, கடைக்காரரிடமும் இல்லை. கறி மெத்தென்று ஆவது ஒரு வேலை, மேற்பரப்பு சிவந்து மணப்பது வேறொரு வேலை. முன்னதற்குக் கறியின் உட்சூடு 100 டிகிரி செல்சியஸுக்குள் நெடுநேரம் நிற்க வேண்டும். பின்னதற்கு மேற்பரப்பில் 140-க்கு மேல் சில நிமிடம் போதும். ஒரே தீயில் இரண்டையும் முடிக்கப் பார்ப்பதால்தான் இரண்டும் கெடுகின்றன.

பன்றியின் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசை, அது மூச்சு விடும்போதெல்லாம் வேலை செய்த தசை. உழைக்கும் தசையில் இணைப்புத் திசு அதிகம். அந்தத் திசுவின் முக்கியப் புரதம் கொலாஜன். மூன்று புரதச் சங்கிலிகள் முப்பிரிக் கயிறு மாதிரி ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்திருக்கும். அந்த முறுக்கு இருக்கும்வரை பல் என்னதான் மல்லுக்கட்டினாலும் நார் அறாது.

சூடு ஏற ஏற உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 50 டிகிரி வாக்கில் மயோசின் என்ற தசைப் புரதம் உருக்குலைகிறது. 60-ஐத் தாண்டியதும் தசைநார்களைச் சுற்றியுள்ள கொலாஜன் உறை சுருங்கி, உள்ளேயிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. 65-க்கு மேல் ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் இறுகுகிறது. ஆக, 65-லிருந்து 70 டிகிரிக்குள் விலாக்கறி மிகவும் விறைப்பாக இருக்கும். நிறம் மாறிவிட்டது, சாறு தெளிந்துவிட்டது, வெந்துவிட்டது என்று நாம் இறக்கிவைப்பது சரியாக இந்த இடத்தில்தான்! சாப்பிடப் பாதுகாப்பானதுதான், ஆனால் மெல்ல முடியாது.

இதற்குப் பிறகும் பொறுமையாகச் சூட்டில் வைத்திருந்தால்தான் கொலாஜனின் முறுக்கு அவிழ்கிறது. 70-க்கு மேல் அந்த வேலை வேகம் பிடிக்கும். கறியின் உட்பகுதி 90 டிகிரியைத் தாண்டி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றால் பெரும்பகுதி ஜெலட்டினாகக் கரைந்துவிடும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கட்டியாக உறைகிறதே, அது இதே ஜெலட்டின்தான். தசைநார் இழந்த நீர் திரும்ப வருவதில்லை. ஆனால் கரைந்த ஜெலட்டினும் உருகிய கொழுப்பும் நார்களுக்கு இடையில் நின்று, கறியைச் சாறுள்ளதாக நாக்குக்கு உணர்த்துகின்றன. பன்றிக் கொழுப்பு ஆட்டுக் கொழுப்பைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகும், அதனால் வாயில் படிந்து உறைவதும் குறைவு. கடைக்கு வரும் வெண்பன்றி இளசு என்பது இன்னொரு வசதி. வயதாக ஆகத்தான் கொலாஜன் இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் கூடும்.

வாங்கும்போது விலாவைத் துண்டு போடாமல் பாளமாகக் கேளுங்கள். எலும்புப் பக்கம் வெள்ளையாக, பளபளவென்று ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அது மெத்தென்று ஆகாது. உப்பு மசாலாவையும் அந்தப் பக்கம் உள்ளே விடாது. ஒரு ஓரத்தில் எலும்புக்கும் சவ்வுக்கும் நடுவே கரண்டிக் காம்பை நுழைத்து நெம்புங்கள். விரல் அளவு கிளம்பியதும் உலர்ந்த துணியால் பிடித்து இழுத்தால் சர்ரென்று நீளமாக உரிந்து வரும். வெறும் விரலால் முயன்றால் வழுக்கும்.

அடுத்து உப்பு. கிலோவுக்கு 15 கிராம் தடவி, இரவு முழுக்கக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். உப்பு மெல்ல உள்ளே ஊடுருவி, தசைப் புரதம் நீரைப் பிடித்துவைக்க உதவுகிறது. மிளகாய், சோம்பு, மிளகின் மணமெல்லாம் அப்படி உள்ளே போவதில்லை, மேலோடு நின்றுவிடும். ஒரு நாள் மசாலாவில் ஊறவைத்தேன் என்பது உப்பைப் பொறுத்தவரை மட்டுமே உண்மை. பப்பாளிக்காய் தடவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலுள்ள பப்பாயின் நொதி புரதத்தை அறுப்பது நிஜம்தான், ஆனால் மேற்பரப்பு கூழாகும், நடுப்பகுதி அப்படியே இருக்கும்.

வேகவைக்க ஓவன் வேண்டும் என்று கட்டாயமில்லை. செட்டிநாட்டு வீடுகளில் இருக்கும் பெரிய இட்லிக் கொப்பரை இதற்கு அருமையான பாத்திரம். தட்டில் விலாவை வைத்து மூடி, மெல்லிய ஆவியில் ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் விடுங்கள். தண்ணீர் வற்றினால் கொதிநீரையே ஊற்ற வேண்டும். ஓவன் இருந்தால் அலுமினியத் தாளில் சுற்றி 140 டிகிரியில் இரண்டரை மணி நேரம். சுற்றாமல் வைத்தால் கறியின் ஈரம் ஆவியாகிக்கொண்டே சூட்டைத் திருடும், உட்சூடு 70 டிகிரி வாக்கில் நெடுநேரம் நின்றுவிடும். அமெரிக்கப் பார்பிக்யூக்காரர்களைத் தவிக்கவைக்கும் கட்டம் அது. பிரஷர் குக்கரில் சூடு 120 டிகிரியை எட்டுவதால் அரை மணியில் வேலை முடியும், ஆனால் எலும்பு தனி, கறி தனி என்று உதிர்ந்தால் அப்புறம் தணலில் வைக்க முடியாது. பாளத்தை இடுக்கியால் ஒரு முனையில் தூக்குங்கள். நன்றாக வளைந்து, மேற்பரப்பில் கீறல் விழத் தொடங்கினால் அதுதான் பதம்.

இனி சாஸ். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி பாணியில் தக்காளி, வெல்லப்பாகு, வினிகர் சேரும். இனிப்பு, புளிப்பு, காரம் மூன்றும் இருந்தால் சரி என்பதால் நம்மூரில் கருப்பட்டியும் புளியும் குண்டு மிளகாயும் போதும். எண்ணெய் காய்ந்ததும் கல்பாசி, அன்னாசிப்பூ, சோம்பு போட்டுப் பொரியவிடுங்கள். கல்பாசி பாறையிலும் மரப்பட்டையிலும் வளரும் லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். காய்ந்த எண்ணெய் பட்டால்தான் அதன் மணம் திறக்கும். அன்னாசிப்பூவுக்கும் சோம்புக்கும் மணம் தருவது அனித்தோல் என்ற ஒரே பொருள்தான், எனவே இரண்டில் ஒன்றைக் குறைத்துப் போடுங்கள். பிறகு சின்ன வெங்காயம், அரைத்த மிளகாய், தக்காளி, புளிக்கரைசல், கருப்பட்டி. புளியின் அமிலம் கொதிக்கும்போது கருப்பட்டிச் சர்க்கரையில் ஒரு பங்கை குளுக்கோஸாகவும் ஃபுரக்டோஸாகவும் உடைக்கும். தணலில் சீக்கிரம் சிவப்பவை இவைதான். ஆவித்தட்டில் தேங்கிய சாற்றைக் கொழுப்பை எடுத்துவிட்டு சாஸில் ஊற்றுங்கள். அதிலுள்ள ஜெலட்டின்தான் சாஸுக்குப் பளபளப்பையும், உதட்டில் லேசாக ஒட்டும் குணத்தையும் தருகிறது.

இரண்டாவது தீ தணல். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் விறகை மண்ணால் மூடி மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலங்கரி இதற்குப் பொருத்தமானது. டெக்சாஸில் பார்பிக்யூவுக்கு எரிக்கும் மெஸ்கீட் மரம் இந்தச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. வெறும் கரியில் புகைமணம் கிடைக்காது. மரத்தின் லிக்னின் சிதைந்து உருவாகும் குவாயகால், சிரிங்கால் போன்ற மணப்பொருள்கள் மூட்டத்திலேயே போய்விடுகின்றன. அதனால் நன்றாகக் காய்ந்த ஒரு சிறு விறகுத் துண்டைத் தணலில் சேர்க்க வேண்டும். பச்சை விறகு கசக்கும். கரியடுப்பை வீட்டுக்குள் வைக்கவே வைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். கொல்லைப்புறம்தான் சரி.

பாளத்தை ஈரமில்லாமல் துடைத்துவிட்டுத் தணலில் வையுங்கள். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. 140-ஐ ஒட்டித்தான் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து சிவக்கும் வினை சூடுபிடிக்கும். 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சுக்காரர் மெய்யார் பெயரால் அது அழைக்கப்படுகிறது. சாஸைக் கடைசி ஐந்தாறு நிமிடத்தில்தான் தடவ வேண்டும், அதையும் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை. முன்பே தடவினால் சர்க்கரை கருகிக் கசந்துவிடும். கொழுப்பில் ஒரு பங்கு ஆவியிலேயே இறங்கிவிட்டதால் தணலில் சொட்டி எழும் கரும்புகையும் குறைவு.

பத்து நிமிடம் ஆறவிட்டு எலும்புக்கு எலும்பு நடுவே வெட்டுங்கள். மீந்தால் மறுநாள் இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்து மூடிச் சூடாக்குங்கள். உறைந்த ஜெலட்டின் 35 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், ஆனாலும் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் பரிமாற வேண்டும்.